சோற்றுக்கு ஆள் உண்டு, ராத்திரிக்கு?

சித்தூர், திருப்பதி வட்டாரத்து ஹோம்களில் அன்னதானம் செய்யும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



பிள்ளையின் முதல் பிறந்தநாள், அப்பாவின் திதி, மகளுக்குக் கிடைத்த மெடிக்கல் சீட். காரணம் எதுவானாலும், மனம் நிறைந்தாலும் கனத்தாலும், இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு முதலில் தோன்றுவது நாலு பேருக்குச் சோறு போட வேண்டும் என்பதுதான். ஏழுமலையான் ஊருக்கு அது பொருத்தமும்கூட. 1985 ஏப்ரலில், என்.டி. ராமாராவ் முதல்வராக இருந்தபோது, திருமலையில் நித்திய அன்னதானம் தொடங்கியது. இன்று தரிகொண்ட வெங்கமாம்பா கூடத்தில் பந்தி பந்தியாக ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து எழுகிறார்கள். யார், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. அந்த மலையடிவாரத்தில் வளர்ந்தவர்கள், அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ளவர்கள் தங்கியிருக்கும் ஒரு ஹோமுக்கு உதவ நினைத்தால், கை தானாக அரிசி மூட்டைக்குத்தான் போகும்.

ஹோம் நடத்துகிறவர்களுக்கும் இது தெரியும். ஆபீஸ் அறையில் மாட்டியிருக்கும் போர்டில் காலை டிபனுக்கு ஒரு தொகை, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு தொகை, வடை பாயசத்தோடு என்றால் இன்னொரு தொகை. பக்கத்தில் ஒரு காலண்டர். எந்தத் தேதியை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று பேனாவால் எழுதியிருக்கும். உகாதி, தீபாவளி, ஜனவரி 1 எல்லாம் முன்கூட்டியே போய்விடும். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருக்கும் ஆயாவின் சம்பளத்துக்கு இவ்வளவு என்று ஒரு வரி அந்தப் போர்டில் இருந்ததாகவோ, அதை யாரோ ஒருவர் எடுத்துக்கொண்டதாகவோ கேள்விப்பட்டதுண்டா?

இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது.

கலெக்டருக்கோ மந்திரிக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. ஹோமுக்குள் இருப்பவர்களில் பலரால் தங்களுக்கு நடப்பதைச் சொல்ல முடியாது. பெற்றோர் தொலைவில் இருக்கிறார்கள், அல்லது போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதிகாரி வருவார், அவர் வருவதற்கு முன்னால் அவர் வருகிற செய்தி வந்துவிடும். மாதம் தவறாமல், கதவைத் திறந்து வரவேற்கப்பட்டு, சமையற்கட்டு வரை போகக்கூடிய வெளியாட்கள் நீங்கள் மட்டும்தான். நீங்கள் கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள், ஏனென்றால் அடுத்த மாத அரிசி உங்களிடமிருந்து வர வேண்டும். இந்தப் பிடி உங்கள் கையில் இருப்பது உங்களுக்கே தெரியாது. (திருப்பதி தேவஸ்தானத்துக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். அதன் ஆண்டு பட்ஜெட் ஐயாயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. கை, கால் குறைபாட்டுக்கு ‘பர்ட்’ மருத்துவமனை, காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி என்று அது செய்கிறவை சிறியவை அல்ல. அந்தப் பேச்சு இன்னொரு நாளைக்கு.)

ஒருவர் எப்படி ஹோமுக்கு வந்து சேர்கிறார் என்பதைக் கொஞ்சம் யோசிக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 15 லட்சம் பேர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களாகப் பதிவானார்கள். ஆட்டிசத்துக்கு அந்தக் கணக்கில் தனிக் கட்டமே கிடையாது. இவர்களில் ஆகப் பெரும்பாலோர் வீட்டில்தான் வளர்கிறார்கள், அம்மாவின் கையில். சித்தூர்க்காரர்கள் பிள்ளைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால் பஸ் ஏறி வேலூர் போவது வழக்கம். அங்கே பாகாயத்தில், சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்துக்குள் ‘நம்பிக்கை நிலையம்’ இருக்கிறது. பிள்ளையை மட்டும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அம்மாவோ அப்பாவோ கூடவே தங்க வேண்டும். பல் துலக்கவும் சட்டை மாட்டவும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முதலில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நோயாளியோடு குடும்பமும் தங்குகிற இந்த வழக்கத்தை 1950களில் அந்த மையத்தில் கொண்டுவந்தவர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் என்ற கனடா நாட்டு மருத்துவர். உலகத்து மனநல மருத்துவமனைகள் உறவினர்களை வாசலில் நிறுத்திய காலத்தில் அது பெரிய துணிச்சல்.

அந்த ஏற்பாடு முழுக்க ஒரு அம்மாவை நம்பி நிற்கிறது. அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதாகி, முழங்கால் தேய்ந்து, மகனுக்கு முப்பத்தைந்து வயதும் எண்பது கிலோ எடையும் ஆகும்போது என்ன செய்வது? ஆந்திர அரசு 2024 ஜூலையிலிருந்து மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாக உயர்த்தியது. ‘சதரம்’ என்ற குறைபாட்டுச் சான்றிதழ் கையில் இருந்தால் மாதப் பிறப்பில் வீட்டு வாசலுக்கே பணம் வருகிறது. பெரிய உதவிதான். ஆனால் அந்தப் பணத்தால் அம்மாவின் வயதைக் குறைக்க முடியாது. “எங்களுக்கு அப்புறம் இவனை யார் பாத்துக்குவாங்க?” என்று எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் யாராவது ஒருவர் கேட்காமல் கூட்டம் முடிவதில்லை. ஹோம் என்பது அந்தக் கேள்விக்குக் கிடைத்திருக்கும் ஒரே பதிலாகப் பல வீடுகளில் இருக்கிறது. விருப்பப்பட்டுத் தேர்ந்ததல்ல, வேறு வழியில்லாமல் போனது.

அப்படிப் போய்ச் சேருகிற இடத்துக்கு என்ன சட்டம்? இங்கேதான் ஒரு சிக்கல். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் மனநோய் என்பதற்கு அது தரும் விளக்கத்தில் அறிவு வளர்ச்சிக் குறைபாடு அடங்காது என்றும் எழுதி வைத்திருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே ஆதரவற்ற பிள்ளை என்றால் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் வரும். பதினெட்டைத் தாண்டியதும் அதுவும் கையை விட்டுவிடும். மிச்சம் இருப்பது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பதிவுச் சான்றிதழ் இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் எதையும் நடத்தக் கூடாது என்றும், அந்தச் சான்றிதழைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும் என்றும் அது கட்டளையிடுகிறது. அடுத்த முறை கேக் வெட்டும் முன்னால் சுவரைப் பாருங்கள். சாமி படங்களுக்கும் எம்.எல்.ஏ. ரிப்பன் வெட்டும் போட்டோவுக்கும் நடுவில் அது இருக்கிறதா? இருந்தால் எந்தத் தேதி வரை செல்லும் என்று போட்டிருக்கிறது? ட்ரஸ்ட் பதிவும் வருமான வரி விலக்குச் சான்றும் வேறு; அவற்றைக் காட்டி இதற்குப் பதிலாக ஒப்பேற்றுவது உண்டு.

இனி ராத்திரிக்கு வருவோம்.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்துவந்த மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை விடியும் முன் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட வழியில்லை. உச்ச நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கின் தலைப்பிலேயே 25 பேரின் சாவு இருக்கிறது. பின்னர் சாவு எண்ணிக்கை 28 ஆனது. அவர்கள் மனநோய்க்குச் சிகிச்சை தேடி வந்தவர்கள். இந்த மடல் பேசுகிறவர்கள் வேறு வகையினர். என்றாலும் அந்த விடியற்காலையின் பாடம் எல்லா ஹோம்களுக்கும் பொருந்தும். ஏர்வாடி யாத்திரைத் தலம். தர்காவுக்கு வருகிறவர்களின் தர்மத்துக்குக் குறைவில்லை. பகலில் போனவர்கள் பல ஆயிரம். ராத்திரியில் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் எங்கே படுத்திருக்கிறார் என்று கேட்டவர்தான் இல்லை.

இன்று பெரும்பாலான ஹோம்களில் சங்கிலி கிடையாது. ஆனால் வெளியே ஓடிவிடுவார்கள் என்ற பயத்தில் ஹாலை வெளிப்பக்கம் பூட்டுவது சாதாரணம். அந்தப் பயம் பொய்யும் அல்ல. ஆட்டிசம் உள்ள ஒருவர் கேட் திறந்திருந்தால் ஹைவே வரை போய்விடுவார். பூட்டலாம். பூட்டினால், உள்ளே விழித்திருக்கும் ஒரு ஆள் வேண்டும், சாவி அந்த ஆளின் இடுப்பில் இருக்க வேண்டும். அந்த ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் பணம் இல்லை. பகல் முழுக்க முப்பது பேருக்குத் துணி துவைத்து, குளிப்பாட்டி, ஊட்டிவிட்ட அதே ஆயா ராத்திரியும் அங்கேயே பாய் விரிக்கிறார். அவர் தூங்குவார். மனுஷி அல்லவா?

தூக்கத்தில் நடப்பவை பல. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு நோயும் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வலிப்புக்காரர்களுக்கு வரும் திடீர் மரணங்களில் பெரும்பகுதி தூக்கத்தில், பக்கத்தில் யாரும் பார்க்காதபோது நேர்கிறது. குப்புறப் படுத்தபடி ஃபிட்ஸ் வந்தவரைப் புரட்டிப் போட ஒரு ஆள் இருந்தால் பிழைத்திருப்பார் என்று பின்னால் சொல்லிப் பயன் இல்லை. ஆட்டிசம் உள்ள பலருக்கு இரவில் தூக்கமே பிடிக்காது. நடந்துகொண்டே இருப்பார்கள், பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரை எழுப்புவார்கள், அடி விழும். படுக்கையை நனைத்தவர் விடியும் வரை ஈரத்தில் கிடப்பார். இவை எதுவும் மதியம் பன்னிரண்டரைக்கு இலை போடும்போது தெரியாது. ஹால் அப்போது கழுவித் துடைத்து ஃபினாயில் மணக்கும்.

தனியார் ட்ரஸ்ட் என்றால்தான் இப்படி, அரசே நடத்தினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் தில்லி ரோஹிணியில் உள்ள ஆஷா கிரணைப் பார்க்கலாம். தில்லி அரசு அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு நடத்தும் பெரிய இல்லம் அது. ஐந்நூற்றுச் சொச்சம் பேருக்கான இடத்தில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 2024 ஜூலை மாதத்தில் ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடுத்தடுத்து இறந்தார்கள். தில்லி உயர் நீதிமன்றம் குடிநீரைச் சோதிக்கவும் நெரிசலைக் குறைக்கவும் உத்தரவிட்டது. நெரிசல் புதிதும் அல்ல. பத்தாண்டுகளுக்கு முன்பே, 2014 டிசம்பரில், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்திய இல்லங்களில் உள்ள பெண்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் இதே ஆஷா கிரண், இதே நெரிசல் என்று எழுதியிருந்தது.

இப்போது உங்கள் இலைக்கே வரலாம், ஏனென்றால் சோற்றிலும் கேட்க வேண்டியது இருக்கிறது.

இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் நகரில் ரிச்சர்ட் ஹேண்ட்லி என்று ஒருவர் இருந்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். 2012 நவம்பரில், 33 வயதில் இறந்தார். காரணம் மலச்சிக்கல். அவருடைய வயிற்றிலிருந்து சுமார் பத்து கிலோ மலம் அகற்ற வேண்டியிருந்தது. அவருக்குச் சிறு வயதிலிருந்தே அந்தத் தொல்லை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். உணவையும் கழிப்பதையும் தினமும் குறித்துவைத்துக் கண்காணிப்பது காலப்போக்கில் நழுவிப்போனது, அவ்வளவுதான். பணக்கார நாட்டில், அரசு பணம் கொடுக்கும் விடுதியில் நடந்தது இது. நம் பக்கத்து ஹோமில் திங்கட்கிழமை பிறந்தநாள் பிரியாணி, செவ்வாய்க்கிழமை திதிச் சாப்பாட்டில் நெய்யும் லட்டும், புதன்கிழமை யாரோ கொடுத்த கேக். காய்கறி குறைவு, உட்கார்ந்தே இருக்கும் உடம்பு, அடிக்கடி ஒன்றுக்குப் போவார்கள் என்று தண்ணீர் அளவாகக் கொடுக்கும் பழக்கம், மேலே தூக்கம் வரவழைக்கும் மாத்திரை. வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் சுவரில் தலையை முட்டிக்கொள்வார். அதற்கு ‘வயலண்ட் ஆயிட்டான்’ என்று பெயர் வைத்து இன்னொரு மாத்திரை.

உங்களால் ஆகக்கூடியது எளிது. உங்கள் தேதிக்கு என்ன போடலாம் என்று வீட்டில் முடிவு செய்யாமல் ஹோம் ஆயாவிடம் கேளுங்கள். கீரை, கொய்யா, ராகி சங்கட்டி என்று அவர் சொன்னால் பிறந்தநாளுக்கு இது என்ன விருந்து என்று நினைக்காதீர்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு விழுங்குவதே கஷ்டம். படுத்த நிலையில் அவசரமாக ஊட்டினால் சோறு மூச்சுக்குழாய்க்குப் போய் நிமோனியாவில் முடியும். ஆசையாக ஒரு லட்டை வாயில் திணித்து செல்போனில் படம் எடுக்கும் முன், இவருக்கு ஊட்டலாமா, எப்படி உட்காரவைத்து ஊட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

படத்தைப் பற்றியும் சுருக்கமாக. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தவர்கள் யோசிக்கட்டும்.

குளியலறைக்கும் போய்ப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். தாழ்ப்பாளோ திரையோ இருக்கிறதா, வழுக்குகிறதா, பல் துலக்கும் பிரஷில் பேர் எழுதியிருக்கிறதா, ஒரே துண்டால் எத்தனை பேரைத் துடைக்கிறார்கள்? வலிப்பு உள்ளவர் குளிக்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஆட்டிசமும் வலிப்பும் இருந்த கானர் ஸ்பாரோஹாக் என்ற பதினெட்டு வயதுப் பையன் 2013 ஜூலை 4 அன்று, அரசு மருத்துவப் பிரிவு ஒன்றின் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தான். வெளியே ஊழியர்கள் இருந்தார்கள். அலட்சியமும் அந்தச் சாவுக்குக் காரணம் என்று 2015இல் ஜூரி தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வரும் வரை விடாமல் போராடியது அவனுடைய அம்மா சாரா ரயன். நம் ஹோம்களில் பாதிப் பேருக்கு அப்படிப் போராட ஒரு அம்மா உயிரோடு இல்லை.

மாத்திரை விஷயம் உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தம் இல்லாததுபோல் தோன்றும். ஆனால் எல்லோரும் அமைதியாக, வரிசையாக, சத்தமின்றி உட்கார்ந்திருக்கும் ஹோமைப் பார்த்து ‘எவ்வளவு நல்லாப் பாத்துக்கிறாங்க’ என்று சொல்கிறவர் நீங்கள்தான். இங்கிலாந்தில் 2015இல் எடுத்த கணக்கில், மனநோய் ஏதும் இல்லாமலேயே தினமும் மனநோய் மாத்திரை விழுங்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் முப்பதாயிரம் முதல் முப்பத்தைந்தாயிரம் பேர் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே அதைக் குறைக்க ஒரு தேசிய இயக்கம் தொடங்கினார்கள். நம்மிடம் அப்படி ஒரு கணக்கு எடுப்பாரில்லை. கொஞ்சம் சத்தம், கொஞ்சம் குழப்பம், ஒருவர் உங்கள் கையைப் பிடித்து இழுத்து எதையோ காட்டுவது, இன்னொருவர் உங்களைக் கண்டுகொள்ளாமல் தன் வேலையைப் பார்ப்பது. இவை இருக்கும் ஹோமைக் கண்டு பயப்படாதீர்கள்.

பெண்கள் இருக்கும் ஹோம் என்றால் கூடுதலாகச் சிலவற்றைக் கேட்க வேண்டும், அதைப் பெண்களே கேட்பது நல்லது. 1994இல் மகாராஷ்டிரத்தின் ஷிரூர் அரசு இல்லத்திலிருந்து பத்துப் பேருக்கும் மேற்பட்ட பெண்களைப் புனே சஸூன் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கருப்பையை எடுத்தார்கள். மாதவிலக்கு நாட்களில் அவர்களைச் சுத்தமாக வைத்திருப்பது கஷ்டம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். போதுமான ஆயாக்களை வேலைக்கு எடுப்பதற்குப் பதில் ஒரு உறுப்பை எடுத்துவிட்டார்கள். 2009இல் சண்டிகரில், அரசு விடுதியில் இருந்த அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு அநாதைப் பெண் அங்கேயே காவலாளிகளால் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கர்ப்பமானார். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் பெற்றுக்கொள்ள விரும்பினார். அவருடைய சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தியது. ராத்திரி வாட்ச்மேன் யார், பெண்கள் தூங்கும் பகுதிக்கு அவருக்கு வழி இருக்கிறதா, அங்கே பெண் ஊழியர் எத்தனை பேர் என்று கேட்பது அநாகரிகம் ஆகாது. நாப்கின் வாங்கிக் கொடுப்பதை அன்னதானத்துக்குச் சமமாக நினைக்க ஆரம்பித்தால் இன்னும் நல்லது.

பகலில் என்ன நடக்கிறது என்பதையும் ஒரு நாள் சாப்பாட்டுப் பாத்திரம் இல்லாமல் போய்ப் பாருங்கள். கென்ட் பல்கலைக்கழகத்தின் டிஸார்ட் மையத்தில் இருந்த ஜிம் மேன்செல் தன் வாழ்நாள் முழுக்க இதைத்தான் ஆராய்ந்தார். பெரிய விடுதியை மூடி, அழகான சின்ன வீட்டுக்கு மாற்றினால் மட்டும் ஒருவருடைய நாள் மாறிவிடுவதில்லை என்பது அவரும் அவர் கூட்டாளிகளும் கண்டது. ஊழியர்கள் அவருக்காக எல்லாவற்றையும் செய்துவிட்டு அவரை நாற்காலியில் உட்காரவைத்தால், சின்ன வீடும் விடுதிதான். வேலையைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்து, அவரால் முடிந்த பகுதியை அவரே செய்யவிட்டால் நாள் மாறுகிறது. பட்டாணி உரிக்கலாம், தட்டு எடுத்து வைக்கலாம், தன் துணியைக் கொடியில் போடலாம். அப்படியானால் உங்கள் அன்னதானத்தில் அவர்கள் ஏன் வரிசையாக உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறவர்களாகவே இருக்க வேண்டும்? ஒருவர் இலை போடட்டும், ஒருவர் தண்ணீர் ஊற்றட்டும். நீங்கள் உட்காருங்கள், அவர்கள் பரிமாறட்டும். கொஞ்சம் சாம்பார் சட்டையில் கொட்டும். பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹோம் நடத்துகிறவரின் நல்ல மனசைப் பார்த்துத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். ‘சாமி மாதிரி மனுஷன்’ என்ற ஒரு சொல்லோடு கேள்விகள் நின்றுவிடும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு மற்றவர்களும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் ‘லார்ஷ்’ இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வனியேயை உலகமே மகானாகப் பார்த்தது. இந்தியாவிலும் 1970இல் பெங்களூரில் தொடங்கி சென்னை வரை ‘ஆஷா நிகேதன்’ என்ற பெயரில் அதன் இல்லங்கள் வந்தன. வனியே இறந்த பிறகு, 2020இல், அவர் பல பெண்களைப் பாலியல் ரீதியாகப் பயன்படுத்திக்கொண்டது வெளிவந்தது. அந்தப் பெண்கள் குறைபாடு உள்ளவர்கள் அல்லர். அந்த விசாரணைக்கு ஏற்பாடு செய்ததும் முடிவை ஊரறிய வெளியிட்டதும் லார்ஷ் இயக்கமேதான். நிறுவனரின் பெயரைவிட உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்பு பெரிது என்று நினைக்கும் அமைப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு நேர்மாறானதும் நடந்தது. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இருந்த அன்பு ஜோதி ஆசிரமம் 2023 பிப்ரவரியில் மூடப்பட்டது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அடி, பாலியல் வன்முறை, குரங்குகளைக் காட்டி மிரட்டல் என்று குற்றச்சாட்டுகள் வந்தன, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. பல ஆண்டுகளாக நடந்துவந்த இடம், தர்மம் பெற்றுவந்த இடம். அது எப்படி வெளியே வந்தது? அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைப் பார்க்க வந்த உறவினருக்கு அவர் எங்கே என்பதற்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. ஒருவர் பேரைச் சொல்லி ‘எங்கே அவர்?’ என்று கேட்டதிலிருந்து எல்லாம் தொடங்கியது.

உங்களாலும் அது முடியும். ஒவ்வொரு ஆண்டும் ஒரே ஹோமுக்குப் போகிறீர்கள் அல்லவா? இரண்டு பேருடைய பேரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அவர்களைத் தேடுங்கள். எடை குறைந்திருக்கிறதா, பல் விழுந்திருக்கிறதா, உடம்பில் தழும்பு இருக்கிறதா? ஆள் இல்லையென்றால் எங்கே போனார், எந்த ஆஸ்பத்திரி, யாருக்குச் சொன்னார்கள்? அவருடைய ஓய்வூதியம் இப்போது யார் கைக்குப் போகிறது? பதினெட்டு வயது தாண்டியவருக்குச் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு உண்டு. ஹோம் நடத்துகிறவர் கையெழுத்துப் போடுகிறார் என்றால் அந்தக் குழு அவரை நியமித்திருக்கிறதா?

ஹோமே வேண்டாம் என்பது இந்த மடலின் கட்சி அல்ல. எங்கே, யாரோடு வாழ்வது என்பதில் ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் தேர்ந்தெடுக்க இன்னொன்று இருந்தால்தானே அதற்கு அர்த்தம்? அது கனவும் அல்ல. சென்னையில் 1993இல் தொடங்கிய ‘தி பேன்யன்’ அமைப்பு 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்று ஒன்றை நடத்துகிறது. மனநல விடுதிகளில் ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடந்த பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் வாடகை வீடு பிடித்து, கூடவே ஒரு உதவியாளரோடு வாழ்கிறார்கள். சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டோடு சண்டையும் போடுகிறார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக இதை எடுத்துக்காட்டியது. அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் ‘கரோந்தா’ திட்டம் குழு இல்லத்துக்கு வழி செய்கிறது. சித்தூரில் கிரீம்ஸ்பேட்டையிலோ திருப்பதியில் ஒரு காலனியிலோ நாலு பேருக்கு வாடகை வீடு கொடுக்க ஒரு ஓனர் முன்வந்தால் ஆரம்பித்துவிடலாம். அந்த ஓனரும் உங்களில் ஒருவராகத்தான் இருப்பார்.

அதுவரை, உங்கள் பணத்தைக் கொஞ்சம் இடம் மாற்றுங்கள். பத்துக் குடும்பங்கள் ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுப் பணத்தைச் சேர்த்து, ஒரு ராத்திரி ஆயாவின் மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளலாம். சம்பளம் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், வாரத்தில் ஒரு நாள் லீவு வேண்டும், ஃபிட்ஸ் வந்தால் என்ன செய்வது என்று பயிற்சி வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தேசிய அறக்கட்டளையில் ‘சஹ்யோகி’ என்ற திட்டமே இருக்கிறது. ஹோம் நடத்துகிறவர்களில் நல்லவர்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். அவர்களுக்கே இது ரொம்ப நாள் குறை.

நல்லவர் அல்லாதவரைக் கண்டால்? அரிசியை நிறுத்திவிட்டு வேறு ஹோமுக்குப் போய்விடாதீர்கள். உள்ளே இருப்பவர்கள் உங்களோடு வர முடியாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாவது பிரிவுப்படி, மாற்றுத்திறனாளி ஒருவர் கொடுமைக்கு ஆளாகிறார், அல்லது ஆளாகக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள எவரும் நிர்வாக மாஜிஸ்ட்ரேட்டிடம் தகவல் கொடுக்கலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை. நம் பக்கத்தில் அது தாசில்தார். பழைய ஆட்கள் இன்னும் எம்.ஆர்.ஓ. என்பார்கள். அவருக்கு மேலே ஆர்.டி.ஓ. தகவல் கிடைத்ததும் தடுக்க வேண்டியது அவர்கள் கடமை. பொறுப்பில் உள்ளவர் வேண்டுமென்றே சோறோ தண்ணீரோ மறுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிந்ததிலிருந்து திருப்பதிக்குத் தனிக் கலெக்டர், சித்தூருக்குத் தனிக் கலெக்டர். இரண்டு இடத்திலும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள். ஹோமின் பேர், பார்த்த தேதி, நேரம், பார்த்தது என்ன என்று தெலுங்கில் ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மனு எண் போட்ட ரசீதைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.